ஒரு பல் தவறினால் மூன்றரை சென்டிமீட்டர்

சுங்கை பஞ்சாங் வட்டாரத்துச் சாலைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் தண்ணீர் நிற்கும் பாரிட். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் இரண்டு விநாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். அந்த இரண்டு விநாடியில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காவிட்டால் கார் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் இங்குள்ள ஒரு பட்டறையில் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றைப் பார்த்தேன். தாத்தா காலத்துக் காரைப் பேரன் புதுப்பிக்கிறார். தரைத் தகடு துருப்பிடித்துப் போனதால் அதை மாற்ற ஸ்டியரிங் தண்டைக் கழற்றியிருந்தார்கள். நான் போனது அதைத் திரும்பப் பூட்டும் நாள். அரை மணி நேரம் நிற்கலாம் என்று போனவன், மதியம் தாண்டித்தான் வீடு திரும்பினேன்.

முதலில் இந்தக் காரைப் பற்றி. இதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948-இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலாகப் பத்து லட்சத்தை எட்டியது மோரிஸ் மைனர்தான். உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் நிறைய ஓடியது. இலங்கையில் இன்றும் சாலைகளில் பார்க்கலாம்.

இதன் ஸ்டியரிங் அமைப்புக்கு 'ரேக் அண்ட் பினியன்' என்று பெயர். தண்டின் அடியில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது பற்கள் வெட்டிய ஒரு நீண்ட சட்டத்தின் மேல் உருளும். அந்தச் சட்டம்தான் ரேக். நீங்கள் வட்டைச் சுழற்றினால் ரேக் இடமும் வலமும் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும். இன்றைய மைவி காரிலும் அடிப்படை இதுதான்; உதவிக்கு ஒரு மின்மோட்டார் இருக்கும், அவ்வளவே.

மோட்டார் இல்லாத காரில் மனிதக் கை எப்படிச் சமாளித்தது? படிவம் 2 அறிவியலில் 'மொமென் டாயா' படித்திருப்பீர்கள். வட்டின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கைகளும் ஆளுக்கு 50 நியூட்டன் விசையில் எதிரெதிர்த் திசையில் திருப்பினால், 2 × 50 × 0.2 = 20 நியூட்டன் மீட்டர். பினியனின் ஆரம் 1 சென்டிமீட்டர் என்றால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல், ரேக்கைத் தள்ளும் விசை 20 ÷ 0.01 = 2,000 நியூட்டன். சுமார் 200 கிலோ எடையைத் தூக்கும் விசை! பழைய கார்களின் வட்டு பெரிதாக இருப்பது அழகுக்காக இல்லை.

இந்த விசை முழுவதும் ஓர் இணைப்பின் வழியாகத்தான் இறங்குகிறது. தண்டின் கீழ்முனை பிளவுபட்ட குழாய்போல் இருக்கும். அதன் உட்புறத்திலும் பினியன் அச்சின் வெளிப்புறத்திலும் நீளவாக்கில் மெல்லிய பற்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, குறுக்கே ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். பினியன் அச்சில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியே போக வேண்டும். அப்படிப் போனால், போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் தண்டு மேலே நழுவாது.

தண்டை முழுதாகச் செருகாமல் விட்டால் என்ன ஆகும்? போல்ட் பள்ளத்தில் உட்காராமல் அச்சின் முனைக்கு மேலே போய்விடும். ஆனாலும் இறுகும்! வட்டைத் திருப்பினால் சக்கரமும் திரும்பும். எல்லாம் சரி என்றே தோன்றும். அதிர்வில் தண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலே ஏறி, ஒரு நாள் பற்கள் விடுபடும். அப்போது வட்டு கையில் சும்மா சுழலும். இதனால்தான் மெக்கானிக் அண்ணன் போல்ட் போடுவதற்கு முன் டார்ச் அடித்து, துளை வழியே பள்ளம் தெரிகிறதா என்று என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். தெரிந்தது.

அடுத்தது நேர்ப்படுத்தல். இங்கே கணிதம் வருகிறது. தண்டைக் கீழே பினியன் பிடிக்கிறது, மேலே டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தாங்கி பிடிக்கிறது. இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோடு. ஆனால் நடுவில் தரைத் தகட்டிலும் ஒரு பிடிப்பு இருக்கிறதே! மூன்றாவது புள்ளி அதே கோட்டில் இல்லையென்றால் தண்டு வளையும். இந்தக் காரில் தகடு புதியது. துளை சற்று விலகியிருந்தது. அப்படியே முறுக்கியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வட்டு ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகும். வளைவில் திரும்பிய பின் வட்டு தானாக நடுவுக்கு வராது. உலோகமும் மாறி மாறி வளைந்து நாளடைவில் களைத்துப்போகும். ஒரு கம்பியை இங்குமங்கும் வளைத்து ஒடிப்பீர்களே, அதுபோல.

ஆகவே எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் போட்டார்கள். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, வட்டை இடமும் வலமும் பலமுறை சுழற்றினார்கள். தண்டு தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டது. பிறகு கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே விரலால் வட்டைச் சுழற்றிப் பார்த்தார்கள். தரைத் தகட்டுத் துளையை மட்டும் அரத்தால் ராவி அகலப்படுத்த வேண்டியிருந்தது.

கடைசியில் வட்டு. கார் நேராக ஓடும்போது வட்டும் நேராக இருக்க வேண்டும். பலர் வட்டை மட்டும் கழற்றி நேராக மாட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேக் நடுவில் இல்லையென்றால், வட்டு நேராகத் தெரியும். ஆனால் கார் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். முதலில் ரேக்கின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இரண்டரைச் சுற்று வந்தால், ஓரத்திலிருந்து ஒன்றேகால் சுற்றுத் திரும்பினால் நடு. அங்கே நிறுத்தி, பிறகு வட்டை மாட்ட வேண்டும்.

வட்டும் பற்களில்தான் உட்காருகிறது. 36 பற்கள் என்று வைத்தால், ஒரு பல் தவறினால் 10 பாகை. 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டின் விளிம்பில் அது சுமார் 3.5 சென்டிமீட்டர் சாய்வு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பல்லுக்கும் குறைவான சாய்வைப் பற்களால் சரிசெய்ய முடியாது. அதற்கு ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள திருகு கம்பிகள் இருக்கின்றன. ஒன்றை எவ்வளவு நீட்டுகிறோமோ, மற்றதை அதே அளவு சுருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்தத் தண்டு ஒரே நீண்ட இரும்பு. நேருக்கு நேர் மோதினால் அது ஓட்டுநரின் மார்பை நோக்கி வரக்கூடும். மோதலில் தானே மடங்கிச் சக்தியை உள்வாங்கும் தண்டுகளை 1967-ஆம் ஆண்டுக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்தியது. 1968 முதல் அமெரிக்கச் சட்டமும் அதைக் கேட்டது. பழைய கார் ஓட்டுபவர்கள் மெதுவாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

மாலையில் பாரிட் ஓரச் சாலையில் காரை ஓட்டிப் பார்த்தார்கள். வட்டின் குறுக்குக் கம்பி சாலைக்கு மட்டமாக நின்றது. பட்டறைக்குத் திரும்பியதும் அண்ணன் வெள்ளைப் பெயிண்ட் எடுத்து, இறுக்கும் போல்ட்டின் தலையிலிருந்து தண்டு வரை ஒரு கோடு போட்டார். 100 கிலோமீட்டர் ஓடிய பின் கார் மறுபடி வர வேண்டும். கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று பொருள்.