சொட்டை எண்ணும் வெளிச்சம்

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டிலுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி தொங்கும். அதற்குள் மருந்துநீர் சொட்டுச் சொட்டாக விழும். நர்ஸ் அக்கா கடிகாரத்தையும் குப்பியையும் மாறி மாறிப் பார்ப்பார். அவர் சொட்டுகளை எண்ணுகிறார்!

ஏன் எண்ண வேண்டும்? பெரும்பாலான டிரிப் செட்களில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். அப்படியானால் 500 மி.லி. பாட்டிலில் 10,000 சொட்டு! அதை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு விழ வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் நோயாளிக்கு நல்லதில்லை. ஒரே நர்ஸ் பத்துக் கட்டில்களையும் எண்ணிக்கொண்டே இருக்க முடியுமா? அந்த வேலையை வெளிச்சத்திடம் கொடுக்கலாம்.

குப்பியின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி.; டி.வி. ரிமோட்டின் நுனியில் இருப்பதும் இதுதான். நேர் எதிரே, ஒளியை உணரும் போட்டோடிரான்சிஸ்டர். சொட்டு நடுவே விழும்போது ஒளி குறையும், மின்னழுத்தம் மாறும். ஒரு மாற்றம் என்றால் ஒரு சொட்டு.

இங்கே ஒரு கேள்வி. தண்ணீர்தான் தெளிவாக இருக்கிறதே, ஒளியை எப்படி மறைக்கும்? சொட்டின் உருண்டை வடிவம்தான் காரணம். அதன் வளைந்த விளிம்பில் படும் ஒளி வளைந்து பக்கவாட்டில் போய்விடுகிறது. சொட்டு ஒரு குட்டி லென்ஸ்! ஆனால் நட்டநடுவில் படும் ஒளி நேராகவே கடந்துவிடும். அதனால் சில நேரம் ஒளி குறைந்து, கூடி, மறுபடி குறையும். கருவி ஒரு சொட்டை இரண்டாக எண்ணிவிடும். 5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு, ஒளியை விநாடியில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் கடந்துவிடும். எனவே ஒன்றை எண்ணியதும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் சும்மா இருக்கும்படி நிரல் எழுத வேண்டும். அடுத்த சொட்டு வர ஒரு விநாடிக்கு மேல் ஆகுமே!

வீட்டில் செய்ய ஆசையா? பேட்டரியில் ஓடும், நிரலை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை போதும். அதன் 5 வோல்ட் முனையிலிருந்து எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர், போட்டோடிரான்சிஸ்டருக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைப்புக் கொடுங்கள். எல்.இ.டி. எரிவது கண்ணுக்குத் தெரியாது. பல செல்போன் கேமராக்களில் ஊதா நிறமாகத் தெரியும். உணரியின் முன்னே 2 மி.மீ. துளையிட்ட கறுப்புத் தாளை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் வெயில் அதை ஏமாற்றிவிடும். மூடியில் ஊசித்துளையும், காற்று நுழைய அடிப்பக்கத்தில் இன்னொரு சிறு துளையும் போட்ட தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்துத் தொங்கவிட்டால் சோதனை தயார்.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரி டிரிப்ஸைத் தொடவே கூடாது.

100 சொட்டு பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து பாருங்கள். துளையின் அளவு மாறினால் சொட்டின் அளவும் மாறும். குழந்தைகளுக்கான நுண்சொட்டு செட்டில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி. உங்கள் பாட்டிலில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு? நீங்களே கண்டுபிடித்து நோட்டில் எழுதி வையுங்கள்.