கீழே விழுந்த குஞ்சுக்கு யார் தாய்?

காற்றில் கூடு தவறி விழுந்த நாரைக் குஞ்சுக்குத் தாய் கீழே இறங்கி வந்து இரை ஊட்டாது. அப்புறம் அதன் கதி? நாயும் பூனையும்தான் என்கிறீர்களா?

திருநெல்வேலி ஜில்லா கூந்தன்குளத்தில் அப்படியில்லை, அம்மா! வீட்டருகே உள்ள மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் ஊர் அது. 1994-இல் சரணாலயமாயிற்று. பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி கிடையாது. விழுந்த குஞ்சுகளை எடுத்து வந்து, மீன் ஊட்டி, சிறகு முளைத்துப் பறக்கும் வரை பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்த்தவர்கள் பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும்.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மைனாக் குஞ்சு விழுந்தால் சமாசாரம் வேறு. பரிதாபப்பட்டுப் பால் புகட்டிவிடாதீர்கள். பறவைக்கு அது ஒத்துக்கொள்ளாது. மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பதும் வெறும் கதை. மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்றுதான் தாய் மைனா பக்கத்துக் கிளையில் காத்திருக்கும்!