எச்.பி கம்மின்னு சத்து மாத்திரை மட்டும் போடுறீங்களா? இந்த ஒரு டெஸ்ட்டையும் டாக்டர்கிட்ட கேளுங்க!

திருவொற்றியூர்லயோ எண்ணூர்லயோ ஒரு லேப்ல ரத்தம் கொடுத்திருப்பீங்க. ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 10. 'ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை சாப்பிடு'ன்னு வீட்ல சொல்வாங்க. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவார். நம்ம ஊர்ல ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் முக்கியக் காரணம் என்பதால் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனா, ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டும் எச்.பி ஏறலைன்னா, அதே ரிப்போர்ட்ல 'எம்.சி.வி' என்ற வரியைப் பாருங்க. ரத்தச் சிவப்பணுவின் அளவு அது. 80-க்குக் கீழே இருந்தா, நீங்க தலசீமியா கேரியரா இருக்கவும் வாய்ப்பிருக்கு. 'எச்.பி.ஏ2' அளவைப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும், 3.5 சதவிகிதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா கேரியர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பயப்படாதீங்க, கேரியர் நோயாளி இல்லை. லேசான ரத்தசோகையோட சாதாரணமா வாழலாம். சிக்கல், கணவன், மனைவி ரெண்டு பேருமே கேரியரா இருக்கும்போதுதான். அப்போ ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு 'தலசீமியா மேஜர்' வர 25 சதவிகித வாய்ப்பு. முதல் குழந்தை ஆரோக்கியமா பிறந்ததால அடுத்ததுக்குக் கவலையில்லைன்னு நினைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அதே 25தான். மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துல முடிக்கிற கல்யாணங்கள்ல ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுக் குறை இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடும். கல்யாணத்துக்கு முன்னாடியே இதைப் பேசுறது சங்கடம்தான், ஆனா ரத்தம் எடுக்க ரெண்டு நிமிஷம் போதும்.

மேஜர்னா என்ன? சில மாதக் குழந்தையிலிருந்தே ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். வாழ்நாள் முழுக்க. அப்படி ஏத்துற ரத்தத்தோட சேர்ற இரும்பு இதயத்துலயும் கல்லீரல்லயும் படியும். அதை வெளியேத்தத் தனி மருந்து. நிரந்தரத் தீர்வுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கு, வேலூர் சி.எம்.சி-யில் 1986-லேயே அதைத் தொடங்கிட்டாங்க. ஆனா, பொருத்தமான டோனர் எல்லாருக்கும் கிடைக்கிறதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் பட்டியல்ல சேர்த்திருக்கு.

ஏற்கெனவே கர்ப்பமா இருக்கீங்களா? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லின்னு எங்கே செக்கப் போனாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள இதைக் கேட்டுடுங்க. உங்களுக்குக் கேரியர்னு வந்தா, உடனே கணவருக்கும் டெஸ்ட். ரெண்டு பேருக்கும் இருந்தா, 11-வது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியில சின்ன மாதிரி எடுத்துக் குழந்தைக்கு இருக்கான்னு பார்க்க முடியும்.