பீங்கான் கோப்பை அலமாரிக்கு மட்டுமா?

நம்மவர் வீடுகளில் வரவேற்பறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடி அலமாரி. பிள்ளைகள் வாங்கிய பரிசுக் கிண்ணங்களுக்கு நடுவே, பூப்போட்ட பீங்கான் கோப்பைகளும் தங்க விளிம்பு வைத்த தட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கும். கல்யாணச் சீராக வந்தவையாகவும் இருக்கலாம். மாதத் தவணை கட்டி வாங்கியவையாகவும் இருக்கலாம். தீபாவளிக்கு ஒரு முறை தூசு தட்டுவதோடு சரி. சம்பந்தி வந்தாலும் தேநீர் எவர்சில்வர் டம்ளரில்தான். கேட்டால், "உடைஞ்சிடுமுங்க" என்பார்கள்.

இந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. மீதி, பொருளைப் பற்றிச் சரியாகத் தெரியாததால் வருவது. தெரிந்துகொண்டால், உங்கள் காசும் வீணாகாது, குடும்பத்தின் உடல்நலமும் கெடாது.

எலும்பா? ஆமாம், எலும்புதான்!

"போன் சைனா" என்று கடைகளில் விற்கப்படுவது எலும்புப் பீங்கான். பெயருக்காக எலும்பு என்று சொல்லவில்லை. மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, நீரில் அரைத்து, வெள்ளைக் களிமண்ணோடும் ஒருவகைக் கல் பொடியோடும் கலக்கிறார்கள். நல்ல ரகத்தில் ஏறக்குறையப் பாதி எலும்புச் சாம்பலே. பிறகு 1,200 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வேகவைத்து, பளபளப்புப் பூச்சு பூசி, மறுபடியும் சூளையில் வைக்கிறார்கள்.

பீங்கான் செய்யும் வித்தை சீனர்களுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதில் அவர்களே முன்னோடிகள். ஐரோப்பியர் அந்த இரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பல காலம் தவித்தார்கள். 1710-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஆலை எழுந்தது. எலும்புச் சாம்பலைக் கலக்கும் முயற்சியை 1740-களில் இலண்டன் அருகே போ என்ற இடத்தில் தாமஸ் ஃபிரை செய்தார். அதைச் செம்மைப்படுத்தி, 1790-களில் ஸ்டோக் நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பெருமை ஜோசையா ஸ்போடு குடும்பத்தைச் சேரும்.

நம் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தில், இந்தச் சாமான்கள் பங்களாவின் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தன. லயத்திலோ எனாமல் மங்குதான். பங்களாவில் வேலை பார்த்த ஆயாக்களும் சமையற்காரர்களும் அவற்றைக் கழுவித் துடைத்தார்களே தவிர, அவற்றில் குடித்ததில்லை. "இதெல்லாம் பெரிய இடத்துச் சாமான்" என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று நிலைமை வேறு. நம்மைப் போன்ற தோட்டத் தமிழர் வாழும் இலங்கையின் மாத்தளையில், ஜப்பானிய நிறுவனமான நொரிதாகேயின் பீங்கான் ஆலை 1972 முதல் இருக்கிறது. நம் பண்டார் பாருவிலிருந்து தெற்கே போனால், பேராக்கின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணை வெட்டி எடுக்கிறார்கள். பீங்கான் இனித் துரை வீட்டுச் சொத்து இல்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாருக்குப் போனாலும் சரி, கூலிம் கடைகளுக்குப் போனாலும் சரி, இவற்றைக் கவனியுங்கள்.

வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் விரல்களை வையுங்கள். எலும்புப் பீங்கானானால் விரல்களின் நிழல் தெரியும். நிறமும் பால் கலந்த வெண்மையாக இருக்கும். சாதாரணப் பீங்கானில் சற்றே நீலம் ஓடும்.

விரல் நுனியால் விளிம்பை மெதுவாகச் சுண்டுங்கள். மணி போல ஓசை வந்தால் நல்லது. 'டப்' என்று அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கலாம். மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். கோப்பையின் காது உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தங்க விளிம்பைவிட வெறும் வெள்ளையே நம் வீட்டுக்கு உகந்தது. தங்கப் பூச்சு உள்ளதை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் தீப்பொறி பறக்கும். சாயமும் பூச்சும் நாளடைவில் தேயும், வெள்ளை தேயாது. மொத்தச் செட்டாக வாங்குவதைவிட, தனித்தனியாக விற்கும் வகையில் ஆறு கோப்பை, ஆறு தட்டு என்று தொடங்கினால், ஒன்று உடைந்தாலும் ஒன்று வாங்கிச் சேர்க்கலாம்.

விரதம் இருப்போர் கவனத்திற்கு

புரட்டாசிச் சனி, கந்தசஷ்டி என்று சைவமாக இருப்பவர்களும், பூசைக்குத் தட்டு வாங்குபவர்களும் இதில் மாட்டெலும்பு இருப்பதை அறிந்திருப்பது நல்லது. பலர் தெரியாமலே நைவேத்தியம் படைக்கிறார்கள். அவரவர் மனச்சாட்சிப்படி முடிவு செய்யட்டும். வேண்டாம் என்பவர்களுக்கு எலும்பு கலக்காத சாதாரணப் பீங்கான் உண்டு. "நியூ போன் சைனா" என்று விற்பதில் பெரும்பாலும் எலும்புச் சாம்பல் இருப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய தட்டில் ரசம் வேண்டாம்

தாய்மார்களே, இந்தப் பகுதியை அவசியம் படியுங்கள். பழைய சாமான் சந்தைகளில் அழகழகான பூத்தட்டுகள் மலிவாகக் கிடைக்கும். பழங்காலத்துப் பூச்சிலும் மேலே தீட்டிய சாயத்திலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறங்களில் காட்மியமும் இருக்கலாம். புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய், ரசம் ஆகியவற்றின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். பாத்திரத்தில் இவற்றை நெடுநேரம் வைத்திருந்தால் கேடு இன்னும் அதிகம்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே ஈயத்துக்குத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆகவே பூ தேய்ந்த, பூச்சு வெடித்த பழைய தட்டுகளை அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டும் கிண்ணம் அவற்றுள் ஒன்றாக இருக்கக் கூடாது.

கழுவும் பக்குவம்

பார்வைக்கு மெல்லியதாக இருந்தாலும், எலும்புப் பீங்கான் சாப்பாட்டுப் பாத்திரப் பீங்கான்களில் வலிமை மிக்கது. அந்த வலிமையைத் தருவது எலும்புச் சாம்பல்தான். இதற்கு எதிரிகள் திடீர்ச் சூடும் இடியும் உரசலுமே.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையில் கொதிக்கும் தேநீரை ஊற்றாதீர்கள். முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, பிறகு ஊற்றுங்கள். அடுப்பின் மேல் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள். பித்தளை விளக்கும் சாம்பலும் செங்கல்தூளும் கம்பிப் பஞ்சும் இதற்கு ஆகாது. மெல்லிய துணியும் சோப்பு நீரும் போதும். கோப்பைக்குள் படிந்த தேயிலைக் கறைக்கு ஆப்பச் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, சற்று நேரம் கழித்துத் துடையுங்கள். கரண்டியும் எவர்சில்வரும் உரசி விழுந்த சாம்பல்நிறக் கோடுகளும் இதற்குப் போகும். தங்கப் பூச்சின் மேல் இதைத் தேய்க்காதீர்கள்.

நமக்கு இயற்கையாகவே ஒரு சலுகை இருக்கிறது. கத்தியும் முள்கரண்டியும் வைத்து அறுத்துச் சாப்பிடுபவர்களின் தட்டில்தான் கீறல் விழும். கையால் சாப்பிடும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

அடுக்கும்போது தட்டுகளுக்கிடையே துணியோ வெள்ளைத் தாளோ வையுங்கள். அடித்தட்டைக் கீறுவது மேல்தட்டின் சொரசொரப்பான அடிப்பாகமே. கோப்பைமேல் கோப்பையை ஏற்றாதீர்கள். காதில் மாட்டித் தொங்கவிடவும் வேண்டாம்.

வீடு மாறும்போது

தோட்டங்கள் கைமாறி, எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன, இன்னும் பெயர்கின்றன. வருடக்கணக்கில் பாதுகாத்த பீங்கான் உடைவது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான், லாரியில் ஏற்றும்போது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் பெட்டிக்குள் நிறுத்திவையுங்கள், குலுங்கும்போது தாங்கும். கோப்பைகளைக் கவிழ்த்துவைத்து, இடைவெளிகளைப் பழந்துணியால் அடையுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "உடையும்" என்று எழுதிவிடுங்கள்.

உறவினர் வந்தால் எடுங்கள். பிள்ளை பரீட்சையில் தேறினால் எடுங்கள். வருடம் முழுவதும் மரத்தடியில் உழைத்துவிட்டு வரும் உங்கள் வீட்டுக்காரருக்கும், உங்களுக்கும், ஒரு ஞாயிறு மாலை நல்ல கோப்பையில் தேநீர் குடிக்க ஏன் உரிமை இல்லை? ஆறில் ஒன்று உடைந்தாலும் பரவாயில்லை. ஒருவர் கையும் படாமல் அலமாரியிலேயே இருபது வருடம் கிடப்பதல்லவா பெரிய நஷ்டம்!