முறைவைத்துப் பேசும் கப்பல்கள்

வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் சொல்வதும் எவருக்கும் விளங்காது. ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால்தான் பதில் காதில் விழும். வானொலி அலைகளும் இப்படித்தான். ஒரே அலைவரிசையில் அருகருகே உள்ள இரு கருவிகள் ஒரே கணத்தில் செய்தி அனுப்பினால் இரண்டும் குழம்பிப் போகும்.

நம் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வரும் பெரிய கப்பல்களில் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவி உள்ளது. கப்பலின் பெயர், இருக்குமிடம், வேகம், திசை ஆகியவற்றை அது சுற்றிலுமுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கிறது. இருளிலும் மூடுபனியிலும் மோதலைத் தவிர்க்க இது பெரிதும் உதவுகிறது. பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பல்கள், 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவு உடையவையாயின், 2004-ஆம் ஆண்டு இறுதிக்குள் இதைப் பொருத்த வேண்டுமென விதிக்கப்பட்டது.

ஆனால் நடுக்கடலில் முறைவைக்க ஆசிரியை ஏது? கப்பல்களே தமக்குள் முறை வகுத்துக்கொள்கின்றன. ஒரு நிமிடம் 2,250 கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அலைவரிசைகள் இரண்டாதலால் நிமிடத்திற்கு 4,500 கூறுகள் கிடைக்கின்றன. கருவிகள் செயற்கைக்கோள் வழியே ஒரே நேரத்தைப் பெறுகின்றன. புதிதாக இயங்கத் தொடங்கும் கருவி முதலில் ஒரு நிமிடம் பேசாமல் கேட்கிறது. எந்தக் கூறு காலி என்றறிந்து அதில் பேசுகிறது. பேசும்போதே தன் அடுத்த முறை எது என்பதையும் சொல்லிவிடுகிறது. மற்றவை அதைக் குறித்துக்கொண்டு ஒதுங்குகின்றன.

மிக விரைந்து செல்லும் கப்பல் 2 நொடிக்கு ஒருமுறை பேசும். நங்கூரமிட்ட கப்பலுக்கு 3 நிமிடத்திற்கு ஒருமுறை போதும். கூட்டம் மிகுந்து இடமில்லாவிட்டால், மிகத் தொலைவிலுள்ள கப்பலின் கூற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆபத்து அருகிலிருப்பவற்றால்தானே வரும்! கொழும்புக் கரையோரக் கப்பலும் நம் துறைமுகக் கப்பலும் ஒரே கூற்றில் பேசினாலும் பொதுவாகக் குழப்பமில்லை. ஒன்றின் குரல் மற்றதற்கு எட்டாது.

இனி, நம் ஊருக்கு வேண்டிய செய்தி ஒன்று. மேற்சொன்ன 300 டன் விதி வள்ளங்களுக்குப் பொருந்தாது. கருவியில்லாத வள்ளம் எத்தனை அருகில் இருந்தாலும், கப்பலின் ஏ.ஐ.எஸ். திரையில் தோன்றாது. சிறு படகுகளுக்கென 'பி' வகைக் கருவிகள் உள்ளன. அவற்றுள் ஒருவகை, கூறு காலியா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்த பின்பே பேசும். பெரிய கப்பல்களின் பேச்சுக்கு இடையூறு செய்யாது.

இரவில் வலைவிரித்துக் காத்திருக்கும் தந்தையருக்கும் அண்ணன்மாருக்கும் விளக்கும் விழிப்பும் என்றும் வேண்டும். அவற்றோடு இந்தச் சிறு குரலும் சேர்ந்தால், "இங்கே நாங்கள் இருக்கிறோம்" என்பது கப்பலோட்டிக்கு நேரத்தோடு தெரியும்.