பல் செட்டு டப்பாவில் கிடப்பதற்கல்ல

“பல்லுப் போனால் சொல்லுப் போச்சு” என்பார்கள் நம் பெரியவர்கள். சொல்லோடு முறுக்கும் போகிறது, ஆட்டிறைச்சியும் போகிறது. கல்யாண வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆசையும் போய்விடுகிறது. காசு கொடுத்துச் செய்த பல் செட்டை டப்பாவில் போட்டுவிட்டு, கஞ்சியோடு காலத்தை ஓட்டும் முதியவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கேட்டால், “எனக்கு ஒத்துக்கவில்லை” என்பார்கள். ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் அதற்கு வழியும் உண்டு.

முதல் சில வாரங்கள்

புதுச் செட்டை வாயில் வைத்ததும் எச்சில் ஊறும். வாய் அதை உணவு என்று நினைத்துக்கொள்வதே காரணம். சில நாளில் இது குறையும். பேச்சு குழறினால், தினமும் பத்து நிமிடம் நாளிதழைச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும்.

சாப்பாட்டை இட்லி, குழைந்த சோறு, மீன் என்று தொடங்குங்கள். சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். ஆப்பிளை முன்பல்லால் கடித்தால் செட்டு பின்னால் தூக்கிக்கொள்ளும். நறுக்கிச் சாப்பிடுவதே நல்லது.

கீழ்ச் செட்டு ஏன் ஆடுகிறது?

மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடி, எச்சில் படலத்தின் பிடியில் ஒட்டி நிற்கிறது. கீழ்ச் செட்டுக்குக் கிடைப்பதோ குதிரை லாட வடிவில் குறுகிய இடம். போதாததற்கு நாக்கு வேறு தள்ளுகிறது. பல் எடுத்த பின் தாடை எலும்பும் கரைந்துகொண்டே போகும். முதல் ஆண்டில்தான் இது அதிகம். அன்று கச்சிதமாக இருந்த செட்டு பிறகு தளர்வது இதனால்தான். பல் மருத்துவர் உட்புறத்தில் புதுப் பூச்சுக் கொடுத்துச் சரிசெய்வார். ஒட்டும் பசையை அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

கீழ்த் தாடையில் இரண்டு உலோகப் பல் வேர்களைப் பதித்து, அவற்றின்மேல் செட்டைப் பொருத்தும் முறையும் உண்டு. பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று 2002ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர்.

ஈறு புண்ணானால் அரத்தை எடுத்து நீங்களே ராவ வேண்டாம். மருத்துவரிடம் போகும் நாளில் சில மணி நேரம் செட்டை அணிந்திருங்கள். எங்கே உரசுகிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதுவானாலும் காட்டியே ஆக வேண்டும். அது வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். வெற்றிலைப் பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

இரவில் கழற்றுங்கள்

பல் செட்டோடு தூங்குவது ஈறுக்கு ஓய்வில்லாமல் செய்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் தரும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரிடம் நடத்தி 2015ல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காக இருந்தது.

கழற்றிய செட்டை மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்து, சாதாரண நீரில் ஊற வையுங்கள். பற்பசை கீறலை உண்டாக்கும். கொதிநீர் வடிவத்தையே கெடுத்துவிடும். கழுவும்போது தொட்டியில் நீர் நிரப்பிக்கொண்டால், கை நழுவினாலும் உடையாது. ஈறையும் நாக்கையும் துலக்க மறக்காதீர்கள். பல்லே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் தகுதியுள்ள சாஸ் அட்டைதாரர்களுக்கும் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை முதியவர்களுக்கும் திட்டத்தில் உள்ள பல் மருந்தகங்களில் செட்டுக்குச் சலுகை உண்டு. அட்டையைக் காட்டி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. தாத்தாவின் பேச்சு குழறினால் பேரப்பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கட்டும். பாட்டி மெல்ல நேரமாகும், அவரோடு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். பழகிக்கொள்ளும் துணிச்சல் அவர்களுக்குத் தானாக வரும்.