ரோமம் கத்தரிப்பவர் பெற்ற வீராங்கனை

டென்னிஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? துரைமார் கிளப்பும், வெள்ளைக் காற்சட்டையும், வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளும்தானே? அப்படி வேலிக்கு வெளியே நின்ற ஒரு சிறுமியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இவான் கூலகாங் 1951-ம் ஆண்டில் பிறந்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடிகளான விராட்ஜூரி இனம். வளர்ந்தது பாரெல்லன் என்ற சிற்றூரில். எட்டுப் பிள்ளைகளில் மூன்றாவது. தகப்பனார் ஊர் ஊராகப் போய்ச் செம்மறி ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். எத்தனை ஆடோ அத்தனைக்குத்தான் கூலி. பால் நிறுத்துக் கூலி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மட்டை வாங்க ஏது காசு? ஆப்பிள் பெட்டிப் பலகைதான் மகளுக்கு முதல் மட்டை.

வறுமையை விடப் பெரிய பயம் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக அந்நாளில் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. பாதையில் புதுக் கார் தெரிந்தால், ஓடி ஒளியுங்கள் என்பாள் தாய்.

டென்னிஸ் திடலை வேலி வழியே பார்த்து நின்ற சிறுமியை, உள்ளே வந்து ஆடச் சொன்னார் பில் கர்ட்ஸ்மன் என்ற ஊர்க்காரர். அவளுடைய திறமை சிட்னி பயிற்சியாளர் விக் எட்வர்ட்ஸின் காதுக்கு எட்டியது. தம் வீட்டில் வைத்துப் பயிற்சி தருவதாகச் சொல்லிப் பெண்ணைக் கேட்டார். ஒளித்து ஒளித்து வளர்த்த பிள்ளையைத் தானே அனுப்பி வைக்க எந்தத் தாய்க்கு மனம் துணியும்? அந்தத் தாய் துணிந்தாள். வழிச் செலவுக்கு ஊராரும் கை கொடுத்தார்கள்.

1971-ல், பத்தொன்பது வயதில், பிரெஞ்சுப் பட்டம். அடுத்த மாதமே விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மார்கரெட் கோர்ட்டை 6-4, 6-1 என்று வீழ்த்தினார். பிறகு நான்கு முறை ஆஸ்திரேலியப் பட்டம். அமெரிக்கப் போட்டியிலோ 1973 முதல் தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் தோல்வி! ஆட்டத்தில் கவனம் சற்றுச் சிதறினால் போதும், பழங்குடிகள் காட்டில் அலையப் போவதைக் குறிக்கும் சொல்லை எடுத்துப் பத்திரிகைகள் எழுதின. வெள்ளைக்காரப் பெண் தடுமாறினால் இனத்தை யார் இழுத்தார்கள்?

1974-ல் தகப்பனார் கார் விபத்தில் மாண்டார். 1975-ல் ரோஜர் காலியுடன் திருமணம். 1977-ல் ஒரு பெண் குழந்தை. இனி இவருக்கு ஏது டென்னிஸ் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1980-ல், கிறிஸ் எவர்ட்டை 6-1, 7-6 என்று வென்று மறுபடி விம்பிள்டன் பட்டத்தை ஏந்தினார். குழந்தை பெற்ற ஒருத்தி அதை வென்றது 1914-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

1983-ல் ஓய்வு பெற்று அமெரிக்காவில் வாழ்ந்தவர், 1991-ல் தாய் இறந்தபின் குடும்பத்தோடு தாய்நாடு திரும்பினார். தம் இனத்தின் வேர்களைத் தேடி அறிந்தார். பழங்குடிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் முகாம்கள் நடத்தினார். 2021-ல் பழங்குடி வழிவந்த ஆஷ் பார்ட்டி விம்பிள்டன் வென்றபோது, 1971-ல் இவான் அணிந்த உடையை நினைவூட்டும் உடையைத்தான் உடுத்தியிருந்தார்.